எடுப்பு கெடாமல் கிளிப்பை நகர்த்த எந்த வழி நல்லது?

வீட்டில் பாட்டுப் பதிவு செய்கிற எல்லாருக்கும் ஒரு நாள் இந்தச் சூழ்நிலை வரும். பல்லவியை முதல் தடவை பாடியது அருமையாக வந்திருக்கும். சரணம் முடிந்து திரும்பி வரும்போது குரல் களைத்திருக்கும். சரி, முதலில் பாடியதையே காப்பி செய்து அங்கே போட்டுவிடலாம் என்று அந்தக் கிளிப்பை, அதாவது வெட்டிய ஒலித் துண்டை, இழுத்துக்கொண்டு போவோம். அது பீட்டுகளைக் காட்டும் கிரிட் கோட்டில் பச்சக்கென்று ஒட்டிக்கொள்ளும். திரையில் பார்த்தால் அவ்வளவு ஒழுங்கு. ஓடவிட்டுக் கேட்டால் பாட்டு தாளத்துக்குப் பின்னால் தடுமாறிக்கொண்டு வரும்.

கிளிப் தொடங்குகிற இடமும் பாட்டு தொடங்குகிற இடமும் ஒன்றல்ல என்பதுதான் காரணம். சொல்லுக்கு முன்னால் பாடுபவர் மூச்சு இழுக்கிறார். அந்த மூச்சையும் சேர்த்துத்தான் வெட்டியிருப்போம், வெட்டவும் வேண்டும். நிமிடத்துக்கு 80 பீட் என்று டெம்போ (பாட்டின் வேகம்) வைத்திருந்தால் ஒரு பீட் 750 மில்லி செகண்ட். அதில் நாலில் ஒரு பங்கு 187.5 மில்லி செகண்ட். மூச்சுக்கு 180 மில்லி செகண்ட் போயிருந்தால், கிரிட்டில் ஒட்டியது மூச்சு. சொல் கிட்டத்தட்ட கால் பீட் தள்ளி விழுகிறது. தாள ஞானம் அதிகம் இல்லாதவர்கூட ஏதோ சரியில்லை என்று சொல்லிவிடுவார்.

நம் பாட்டில் இது இன்னும் ஒரு படி சிக்கல். பாட்டு தாளத்தில் தொடங்கும் இடத்தை எடுப்பு என்போம். தாள வட்டத்தின் முதல் அடியான சமத்திலேயே எடுக்கிற பாட்டுகள் உண்டு. அரை இடம் தள்ளி, ஒன்றரை இடம் தள்ளி எடுப்பவையும் ஏராளம். அதை அனாகத எடுப்பு என்போம். சமத்துக்கு முன்னாலேயே தொடங்கிவிடும் அதீத எடுப்பும் உண்டு. ஆக, கிளிப்பின் இடது ஓரத்தைப் பிடித்துக் கோட்டில் வைக்கிற முறைக்கு எடுப்பு என்ற ஒன்று இருப்பதே தெரியாது. அரை இட எடுப்பு உள்ள பாட்டை பீட் கிரிட்டில் இப்படி இழுத்தால், அதே 80 டெம்போவில் அரை பீட்டான 375 மில்லி செகண்ட் முன்னாலோ பின்னாலோ போய் உட்கார்ந்துவிடும்.

அதனால் எந்த மென்பொருள் வாங்கலாம் என்ற கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வியைத் தீர்த்துக்கொள்ளச் சொல்வேன்: இந்தக் கிளிப்பில் எந்தப் புள்ளி தாளத்தின் எந்த இடத்தில் விழ வேண்டும்? அதற்கு விடை தெரிந்துவிட்டால் கீழே வரும் வழிகளில் எது பொருந்தும் என்பது தானாகத் தெரியும்.

முதல் வழி, நேராகக் கிரிட்டில் ஒட்டுவது. புரோ டூல்ஸ் என்ற பதிவு மென்பொருளில் அப்சல்யூட் கிரிட் என்கிறார்கள். பெரும்பாலான மென்பொருள்களில், கோட்டில் ஒட்டவைக்கும் வசதியான ஸ்னாப்பைப் போட்டால் கிடைப்பது இதுதான். கணினியில் புரோகிராம் செய்த டிரம், ஒலி முதல் சாம்பிளிலேயே (டிஜிட்டல் ஒலியின் மிகச் சிறிய துணுக்கு) தொடங்கும்படி வெட்டித் தரப்படும், திரும்பத் திரும்ப ஓடும் லூப் கோப்புகள் இரண்டுக்கும் இது போதும். வேகமும் உண்டு. ஆனால் லூப் கோப்பு எம்பி3 ஆக இருந்தால் நம்ப வேண்டாம். அந்த வகைக் கோப்பாக மாற்றும்போதே முன்னும் பின்னும் துளி மௌனம் சேர்ந்துவிடும். லூப் என்றால் வேவ் கோப்பாகவே கேட்டு வாங்குங்கள். குரலுக்கும் வயலினுக்கும் புல்லாங்குழலுக்கும் இந்த வழி வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது வழி, இருந்த விலகலை அப்படியே வைத்துக்கொண்டு நகர்த்துவது. நான் எப்போதும் போட்டு வைத்திருப்பது இதைத்தான். கோட்டிலிருந்து 40 மில்லி செகண்ட் முன்னால் தொடங்கிய கிளிப், எட்டு பீட் தள்ளிப் போனாலும் அங்குள்ள கோட்டிலிருந்து அதே 40 மில்லி செகண்ட் முன்னால்தான் நிற்கும். மூச்சு, எடுப்பு, பாடுபவரின் இயல்பான சாய்வு எல்லாம் கூடவே வரும். புரோ டூல்ஸில் எஃப்4 விசையை மறுபடி தட்டினால் ரிலேட்டிவ் கிரிட்டுக்கு மாறும். கியூபேஸில் ஸ்னாப் வகைகளில் கிரிட் ரிலேட்டிவ் என்று இருக்கிறது. லாஜிக்கில் ஸ்னாப் மெனுவிலேயே ரிலேட்டிவ், அப்சல்யூட் என இரண்டும் இருக்கும். ரீப்பரில் ரிலேட்டிவ் ஸ்னாப்பைப் போடவும் எடுக்கவும் ஒரு ஆக்‌ஷன் உண்டு. அதற்கு ஒரு விசையை நாமே ஒதுக்கிக்கொள்ளலாம்.

இதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. மென்பொருளில் போட்டிருக்கும் அளவு உங்கள் தாளத்தோடு ஒத்துப்போக வேண்டும். மிஸ்ர சாபுப் பாட்டை வைத்துக்கொண்டு மென்பொருளை அதன் வழக்கமான நாலுக்கு நாலிலேயே விட்டிருந்தால், ஒரு பார் (தாளக் கட்டம்) நகர்த்தும்போது நாலு பீட் நகரும். ஏழு எண்ணிக்கை உள்ள ஆவர்த்தனம் (ஒரு முழுத் தாளச் சுற்று) எங்கோ நிற்கும். முதலில் ஏழுக்கு எட்டு என்று மாற்றிவிட்டுத்தான் கிளிப்பைத் தொட வேண்டும். ஆதி தாளத்துக்கு நாலுக்கு நாலு இரண்டு பார் என்று வைத்துக்கொண்டால் ஓர் ஆவர்த்தனம் ஆகிவிடும். திஸ்ர நடை (ஒரு பீட்டை மூன்றாகப் பிரிப்பது) என்றால் கிரிட்டை டிரிப்லெட்டுக்கு மாற்றுங்கள். ஏபிள்டன் லைவில் கன்ட்ரோல்+3 அழுத்தினால் போதும், மேக்கில் கமாண்ட்+3.

மூல கிளிப் தவறான இடத்தில் இருந்தால், அந்தத் தவறும் விலகலோடு சேர்ந்து பயணம் செய்யும். காப்பி செய்வதற்கு முன் மூலத்தைச் சரி செய்துவிடுங்கள். பத்து இடத்தில் போட்ட பிறகு கண்டுபிடித்தால் பத்து இடத்திலும் திருத்த வேண்டியிருக்கும்.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. பலர் இதைத் தொடுவதே இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். கிளிப்புக்குள் ஒரு புள்ளியைக் குறித்துவிட்டு, அந்தப் புள்ளி கிரிட்டில் ஒட்டும்படி செய்வது. புரோ டூல்ஸ் இதை சிங்க் பாயின்ட் என்கிறது, ரீப்பர் ஸ்னாப் ஆஃப்செட் என்கிறது, கியூபேஸ் ஸ்னாப் பாயின்ட் என்கிறது, லாஜிக் ஆங்கர் என்கிறது. பெயர்தான் வேறு, வேலை ஒன்றுதான். ஒரு டேக்கை (ஒரு தடவை பாடிய பதிவை) வேறு டெம்போவில் உள்ள பாட்டுக்கு எடுத்துப் போகும்போதும், கிரிட்டைப் பார்க்காமல் மனம்போல் பாடிய ஒரு பிருகாவை (வேகமான ஸ்வர அடுக்கு) சரியான இடத்தில் உட்கார வைக்கும்போதும், பழைய விலகல் எந்த உதவியும் செய்யாது. அப்போது இந்தப் புள்ளிதான் கை கொடுக்கும்.

புள்ளியை எங்கே குறிப்பது? மிருதங்கச் சொல்லுக்குக் குழப்பமே இல்லை, அடி விழுந்த இடம் அலைவடிவத்தில் கோபுரம் மாதிரி எழுந்து நிற்கும். குரலில் கவனம் தேவை. ‘க’, ‘த’, ‘ப’ போன்ற எழுத்தில் தொடங்கும் சொல்லில் ஒலி பட்டென்று திறக்கிறது. ‘ச’வில் தொடங்கும் சொல்லிலோ சீறல் முதலில் வந்து உயிர் ஒலி அதற்குப் பிறகுதான் திறக்கும். நல்ல பாடகர் தாளத்தில் வைப்பது அந்த உயிரைத்தான். சீறலின் ஆரம்பத்தில் புள்ளி வைத்துக் கோட்டில் ஒட்டினால் சொல் தாமதமாகக் கேட்கும். அடுத்த ஒலியெழுச்சிக்குத் தாவும் வசதியை மட்டும் நம்பினால் அது பெரும்பாலும் சீறலில்தான் போய் நிற்கும். அதற்கப்புறம் அலைவடிவத்தைப் பெரிதாக்கி, உயிர் திறக்கும் இடத்துக்குப் புள்ளியை நீங்களே தள்ளுங்கள். வில்லை மெதுவாக வைத்துத் தொடங்கும் வயலினுக்கு அலைவடிவமும் உதவாது. அங்கே காதுதான் அளவுகோல்.

எண்ணைத் தட்டி இடம் வைக்கிற வழி ஒன்றும் உண்டு. புரோ டூல்ஸில் ஸ்பாட் முறையில் கிளிப்பைத் தொட்டதும் ஒரு பெட்டி திறந்து எந்த நேரம் என்று கேட்கும். பதிவான அன்று கோப்புக்குள்ளேயே எழுதப்பட்ட நேர முத்திரை இருந்தால் ஒரே தட்டலில் பழைய இடத்துக்கே அனுப்பிவிடலாம். ரீப்பரிலும் கோப்பு சொல்லும் இடத்துக்கே கிளிப்பை அனுப்பும் கட்டளை இருக்கிறது. திரைப்படத்துக்குப் பின்னணி இசை போடுகிறவர்களுக்கு இது அன்றாடம் தேவைப்படும். வீட்டுப் பதிவில் இதற்கு வேலை வருவது, வேறு ஊரில் இருக்கும் பாடகரிடமிருந்து கோப்பு வரும்போது. டொரொண்டோவில் ஒருவர் பாடி, கோவையில் ஒருவர் கலக்குவது இன்று சாதாரணம். ஆனால் நேர முத்திரையை நம்புவதைவிட எளிய ஏற்பாடு ஒன்று உண்டு: பாட்டு எந்த நிமிடத்தில் தொடங்கினாலும் கோப்பைப் பூச்சியத்திலிருந்தே ஏற்றுமதி செய்து அனுப்பச் சொல்லுங்கள். முன்னால் இரண்டு நிமிட மௌனம் இருந்தால் இருக்கட்டும். பூச்சியத்தில் வைத்தால் எல்லாம் தானே இடத்தில் அமர்ந்துவிடும்.

கடைசித் தீட்டலுக்கு நட்ஜ். விசையைத் தட்டத் தட்டக் கிளிப் குறிப்பிட்ட அளவு மட்டும் நகரும். புரோ டூல்ஸில் எண்பலகையின் கூட்டல், கழித்தல் விசைகள். லாஜிக்கில் ஆப்ஷனோடு அம்புக்குறி. முதலில் 10 மில்லி செகண்ட் வைத்துத் தட்டுங்கள், பிறகு 5, பிறகு 1. மில்லி செகண்ட் என்றால் எவ்வளவு என்று மனதில் பிடிபட ஒரு கணக்கு: காற்றில் ஒலி ஒரு மில்லி செகண்டில் போகும் தூரம் சுமார் 34 சென்டிமீட்டர். 10 மில்லி செகண்ட் என்பது வாசிப்பவர் நம்மிடமிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பது போன்றது. நட்ஜ் செய்யும்போது நான் திரையைப் பார்ப்பதில்லை, கண்ணை மூடிக்கொள்வேன். கோட்டைப் பார்த்தால் கை கோட்டுக்கே இழுக்கும்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். குரல் தடிமனாக வர வேண்டும் என்று ஒரே கிளிப்பை இன்னொரு டிராக்கில் அதே இடத்தில் காப்பி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் தடிமன் வராது. ஒலி 6 டெசிபெல் கூடும், அவ்வளவுதான். தடிமன் வருவது இரண்டாம் முறை பாடும்போது விழும் சின்னச் சின்ன வித்தியாசங்களால்.

அடுத்து டூப்ளிகேட். கன்ட்ரோல்+டி தட்டினால் பக்கத்திலேயே ஒரு காப்பி. பெரும்பாலான மென்பொருள்களில் இதே விசைதான். இதில்தான் நான் நன்றாக அடிபட்டேன். ஒரு கஞ்சிரா வட்டத்தைக் கண்ணால் பார்த்து வெட்டி, 32 தடவை டூப்ளிகேட் செய்திருந்தேன். வெட்டு 3 மில்லி செகண்ட் நீளமாக இருந்திருக்கிறது. முதல் நாலு வட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் 96 மில்லி செகண்ட் பின்னால் போயிருந்தது. மிருதங்கம் வாசித்த நண்பர் தன் வாசிப்பில்தான் பிழை என்று நினைத்து இரண்டு முறை திரும்ப வாசித்தார். அது இன்றைக்கும் மனதை உறுத்துகிறது.

காரணம் எளிது. கிளிப்பை மட்டும் தேர்ந்தெடுத்து டூப்ளிகேட் கொடுத்தால், அடுத்த காப்பி கிளிப்பின் வால் முடியும் இடத்தில் ஒட்டும். கிளிப்பைத் தேர்ந்தெடுக்காமல், ஸ்னாப் போட்ட நிலையில் சரியாக ஒரு ஆவர்த்தன நீளத்தை இழுத்துத் தேர்ந்தெடுத்தால், மென்பொருள் அந்த நீளத்தைத்தான் அடுத்தடுத்து வைக்கும். உள்ளே கிளிப் எங்கே தொடங்குகிறது என்பது பொருட்டல்ல. புரோ டூல்ஸிலும் ஏபிள்டன் லைவிலும் கன்ட்ரோல்+டி தேர்ந்தெடுத்த நீளத்தை இப்படித்தான் எடுத்துக்கொள்கிறது. ரீப்பரில் கிளிப்பை டூப்ளிகேட் செய்யும் ஆக்‌ஷனும் தேர்ந்தெடுத்த பகுதியை டூப்ளிகேட் செய்யும் ஆக்‌ஷனும் தனித்தனி, எது எந்த விசையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். எடுப்பு உள்ள பாட்டுக்கு இது ரிலேட்டிவ் கிரிட்டுக்கு இணையான வழி. லைவ் பயன்படுத்துகிறவர்களுக்கு என் முதல் பரிந்துரையும் இதுவே.

டெம்போ சாம்பிள் எண்ணிக்கையில் முழுசாக வகுபடாவிட்டால் டூப்ளிகேட் மெல்ல மெல்ல விலகும் என்று சிலர் பயப்படுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நொடிக்கு 48,000 சாம்பிள் வேகத்தில் 110 பீட் டெம்போ என்றால் நாலு பீட் பாருக்கு 104,727.27 சாம்பிள். பின்னத்தை விட்டுவிட்டாலும் 64 பாருக்குச் சேர்வது 17 சாம்பிள், அதாவது ஒரு மில்லி செகண்டில் மூன்றில் ஒரு பங்கு. இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கவலைப்பட வேண்டியது கையால் போட்ட வெட்டு.

காப்பி தனிக் காப்பியாக இருக்க வேண்டுமா, மூலத்தோடு கட்டுண்டதாக இருக்க வேண்டுமா என்பதையும் அப்போதே தீர்மானித்துக்கொள்வது நல்லது. கியூபேஸில் மிடி (ஒலியாக இல்லாமல் ஸ்வரக் குறிப்பாகப் பதிவது) பகுதியை ஆல்ட் பிடித்து இழுத்தால் தனிக் காப்பி. ஆல்ட்டோடு ஷிஃப்டும் சேர்த்தால் பகிர்ந்த காப்பி, ஒன்றைத் திருத்தினால் மற்றதும் மாறும். லாஜிக்கில் மிடி பகுதிகளுக்கு அலியாஸ் என்று இதே வசதி. எஃப்எல் ஸ்டுடியோவின் பேட்டர்ன் கிளிப்புகள் பிறவியிலேயே கட்டுண்டவை, பிரிக்க வேண்டுமானால் மேக் யூனிக் கொடுக்க வேண்டும். பாட்டு இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும்போது கட்டுண்ட காப்பி நேரத்தை மிச்சப்படுத்தும். கலவைக்குப் போகும் முன் பிரித்துவிடுங்கள்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் சேர்ந்து நகர வேண்டியவை சேர்ந்தே நகர வேண்டும். மிருதங்கத்துக்கு வலந்தலைப் பக்கம் ஒரு மைக், தொப்பிப் பக்கம் ஒரு மைக் வைத்திருப்போம். ஒரு டிராக்கை மட்டும் ஒரு மில்லி செகண்ட் தள்ளினாலே, இரண்டும் கலக்கும்போது 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் இடங்களில் ஒலி குழிவிழும். தாளம் மாறியதாகத் தெரியாது, நாதம் மட்டும் தகரமாகிவிடும். எங்கே கெட்டது என்று தேடிக் களைத்துப் போவீர்கள். ரீப்பரில் கிளிப்புகளைத் தேர்ந்து ஜி தட்டினால் குழுவாகிவிடும். லைவில் 11ஆம் பதிப்பிலிருந்து டிராக்குகளை இணைத்துத் திருத்தலாம். கியூபேஸில் ஃபோல்டருக்குள் போட்டுக் குழுத் திருத்தத்தை இயக்கலாம். வாசித்து முடித்த கையோடு குழுவாக்கிவிடுங்கள், பிறகு செய்யலாம் என்று வைத்தால் மறந்துவிடும். அதேபோல் டெம்போவைப் பின்னால் மாற்றும் எண்ணம் இருந்தால், கிளிப்புகள் பீட்டோடு நகர வேண்டுமா, கடிகார நேரத்தில் நிற்க வேண்டுமா என்ற டிராக் அமைப்பையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

சரி, எந்த மென்பொருள்? கையில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை ஏதோ ஒரு பெயரில் அதில் இருக்கும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு ரீப்பரைச் சொல்வேன். 60 நாள் முழு வசதியோடு சோதித்துப் பார்க்கலாம், சிறிய அளவில் பயன்படுத்துகிறவர்களுக்கு உரிமம் 60 டாலர். ஸ்னாப் ஆஃப்செட், ரிலேட்டிவ் ஸ்னாப், விருப்பமான விசை அமைப்பு எல்லாம் உண்டு. முதல் வாரம் முகப்பு மிரட்டும், அதைத் தாங்கிக்கொள்ள வேண்டும். பெரிய ஸ்டுடியோவில் வேலைக்குப் போக நினைப்பவர் புரோ டூல்ஸின் நாலு திருத்த முறைகளையும் விரல்நுனியில் வைத்திருப்பது நல்லது. மேக் வைத்திருப்பவருக்கு லாஜிக் குறையில்லாதது. லூப்பை வைத்தே பாட்டு கட்டுகிறவருக்கு லைவ். அடாசிட்டியில் 3.1 பதிப்பிலிருந்து கிளிப்பைத் தலைப்பைப் பிடித்து இழுக்கலாம், 3.4இல் பீட் கிரிட்டும் வந்துவிட்டது. பேச்சுப் பதிவுக்கும் ஒன்றிரண்டு டிராக் வேலைக்கும் அது போதும், முழுப் பாட்டுக்குக் கை திணறும்.

இவ்வளவுக்கும் மேல், காப்பி செய்யாமல் மறுபடி பாட வைப்பது என்ற வழியும் பட்டியலில் இருக்கிறது. ஹம்மிங், கோரஸ், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வர வேண்டிய மெல்லிசைப் பல்லவி இவற்றுக்குக் காப்பி தாராளமாகப் போதும். கீர்த்தனையில் பல்லவி திரும்பி வரும்போது பாடகர் வேறொரு சங்கதியோடு (அதே வரியின் இன்னொரு இசை வடிவம்) வருவார், அதுதான் அழகு. அங்கே எவ்வளவு துல்லியமாகக் காப்பி போட்டாலும் கேட்பவருக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். பாடியவர் இன்னும் அறையில் இருக்கிறார் என்றால், வெந்நீர் கொடுத்துப் பத்து நிமிடம் உட்காரச் சொல்லிவிட்டு, மைக்கை அதே இடத்தில் வைத்திருங்கள்.